ஏழாம் பேட்ச்சின் இரண்டாவது கோடு

அந்த அறையை விட்டு அவள் போய் இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. மேசைகளைத் தூக்கிவிட்டார்கள். நாட்காட்டி தொங்கிய இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும் இருந்தது. ஜன்னலோரம் அவள் உட்காரும் முக்காலியையும் காணோம். மாடி மாறி வந்துவிட்டோமோ என்று தடுமாறி நின்றபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் சேர்ந்த வாடை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவள் வாசலிலேயே நின்று ஒரு மூச்சு நன்றாக இழுத்தாள், கண் கலங்கிவிட்டது. மெர்காப்டோ என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த மருந்தின் நாற்றத்துக்கு ஏங்கி அழுத மனுஷி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் எல்லோருக்கும் இவள் ஜெல் அக்கா. புரதத்தை ஜெல்லில் ஓடவிட்டு, அது எங்கே போய்க் கோடாக நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது இவள் வேலை. சின்னது வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஒரே கோடு விழுந்தால் சரக்கு சுத்தம். இரண்டு விழுந்தால் ஏதோ கலந்திருக்கிறது, இல்லை ஏதோ உடைந்திருக்கிறது. ஜெல் அக்கா ஒரே கோடு என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மாடியில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமையில் அவள் கொஞ்சம் தலைகால் தெரியாமல் திரிந்ததும் உண்டு.

கூடத்தை நடத்திய பேராசிரியருக்கு வளர்ச்சி ஹார்மோன் என்றால் உயிர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிற அந்த ஹார்மோனில் பெரியவன், சின்னவன் என்று இரண்டு பேர் உண்டு. கோத்த மணிச்சரம் மாதிரி இருக்கிற உடம்பில் சின்னவனுக்குப் பதினைந்து மணி குறைவு. ஆனாலும் வளர்க்கிற வேலையைப் பெரியவனுக்குச் சளைக்காமல் செய்வான், சர்க்கரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. சின்னவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேராசிரியருக்குச் சாப்பாட்டு நேரமே தெரியாது. அதே சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின், தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன், அவருக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை மாதிரி. அதற்கும் பல உருவம் இருக்கலாம், ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்யலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், "அது பாலைச் சுரக்கட்டும், நமக்கு எதுக்கு வம்பு" என்று முடித்துவிடுவார்.

பங்காளிப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கியவர் அங்கே ஒரே ஒருத்தர், முட்டையார். அடைகாக்கும் பெட்டியில் முட்டைகளை வரிசையாக வைத்து, ஓட்டில் தபால்தலை அளவுக்கு ஜன்னல் வெட்டி, உள்ளே தெரியும் சவ்வின்மேல் ஹார்மோன் தோய்த்த காகிதப் பொட்டு ஒன்றை வைப்பார். இரண்டு நாள் கழித்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், பொட்டைச் சுற்றி ரத்தக்குழாய்கள் கிளை விட்டிருக்கின்றனவா, நின்றுவிட்டனவா என்று தெரியும். மாடி முழுவதும் அடிக்கும் மெர்காப்டோ நாற்றத்துக்கு அவருடைய முட்டைகள்தான் காரணம் என்று ஊரே நம்பியது. அவரும் மறுக்கவில்லை. "ஆமா, நான்தான் நாறுறேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அந்த முட்டையார் இன்று வருகிறார். பழைய கட்டடத்தைக் காலி செய்கிறார்கள். ஒரு மர அலமாரி நிறைய அந்தக் காலத்துக் கண்ணாடிக் குப்பிகளும் நோட்டுகளும் இருக்கின்றன, எரிக்கக் கொடுக்குமுன் எதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை, ஒருநாள் வந்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று இப்போதைய இயக்குநர் அம்மா இருவருக்கும் எழுதியிருந்தார். பேராசிரியர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

முட்டையாரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருபத்தொன்பது வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. மாலை நாலு மணிக்கு லாரி வந்து அலமாரியில் உள்ளதை எரிப்பதற்குக் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு அவள் சொன்னாலும் வெறும் வாய்ப்பேச்சு, காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"ஏம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

திரும்பினாள். தலை முழுக்க வெள்ளை, தொப்பை கொஞ்சம், மற்றபடி அதே முட்டையார். வேலையை விட்டுப் போனவர் வேறு ஊரில் கண்ணாடிக் கடை வைத்து, கண்ணுக்கு அளவெடுத்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"வாங்கண்ணே. அப்படியே இருக்கீங்க."

"பொய் சொல்லாத. நீ சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. அவர் நேராக மூலையிலிருந்த தொட்டிக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இப்பதானே வந்தீங்க, என்னத்தைத் தொட்டீங்க?"

"பழக்கம். கடையில ஒருத்தருக்குக் கண்ணாடி மாட்டினா ஒரு தடவை, கழட்டினா ஒரு தடவை. என்ன சுத்தம்னு எல்லாரும் தலைமேல தூக்கி வெக்கிறாங்க. வீட்டம்மாதான் சோப்பை ஒளிச்சு வெக்கிறா."

அவர் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பழக்கம் எந்த நாளில் ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும்.

அலமாரியை இருவருமாக ஒழித்தார்கள். ஒவ்வொரு குப்பியாக எடுத்து அவள் படிக்க, அவர் இயக்குநர் கொடுத்த தாளில் குறித்துக்கொண்டார். பெரியவன் மூன்று, சின்னவன் ஒன்று, எலிப் புரோலாக்டின் நாலாம் பேட்ச், ஐந்தாம் பேட்ச். குப்பியைவிடக் கதைதான் அதிகம் வெளியே வந்தது. சின்னவனின் குப்பியைக் கீழே போட்டுவிட்டுப் பேராசிரியர் நாள் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தது. எலிகள் கூண்டிலிருந்து தப்பி இயக்குநர் நாற்காலிக்கு அடியில் குடும்பம் நடத்தியது. பருப்பு அளவுகூட இல்லாத சுரப்பிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரு சிட்டிகைத் தூள் எடுப்பதற்குள் எல்லோரும் பட்ட பாடு. அந்தச் சிட்டிகைக்காக அத்தனை பேரும் ஒரு வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். அப்படி ஒரு காலம் இனி வராது என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

கடைசித் தட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி. வாயை உருக்கி மூடியது, அடியில் வெள்ளைத் தூள். சீட்டில் அவளுடைய பழைய கையெழுத்து: எலிப் புரோலாக்டின், பேட்ச் ஏழு.

"ஓ, இவனா! எமன். தூக்கிக் குப்பையில போடு."

முட்டையார் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். அவள் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் பேட்ச் தயாரித்த வாரத்தில் குளிர் அறை ஒருநாள் பழுதாகிக் கிடந்தது. அரைத்த சுரப்பிச் சாறு அமிலத்தோடு நாள் முழுக்க வெளியே நின்றது. ஒன்றும் ஆகாது என்று பேராசிரியர் சொன்னார். ஆறாம் பேட்ச் வரைக்கும் முட்டையில் ரத்தக்குழாய்கள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தன. ஏழாம் பேட்ச்சை வைத்த முட்டைகளில் பொட்டைச் சுற்றி ஒரு குழாய்கூட முளைக்கவில்லை, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வெறுமையாகக் கிடந்தது. முட்டையார் தலைகீழாகக் குதித்தார். புரோலாக்டினில் இன்னொரு உருவம் இருக்கிறது, அது குழாய் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பேராசிரியர் ஜெல் அக்காவைக் கேட்டார். அவள் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரே கோடு.

வெளியிலிருந்து வந்திருந்த விருந்தினர்கள் முன்னிலையில் பேராசிரியர் சொன்ன வார்த்தை இதுதான்: "ஹார்மோன் சுத்தமா இருக்கு. உன் கைதான் சுத்தமா இல்ல."

அதற்குப் பிறகு நாலு மாதம், கையைக் கழுவிக் கழுவி அவர் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு தடவையும் அதே வெறுமை. அவள் ஜெல்லில் அதே ஒற்றைக் கோடு. கடைசியில் அவரே தன் கையை நம்பாமல் போய், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அண்ணே, இதைப் போட வேண்டாம். ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம்."

"எதுக்கு? செத்தவனைத் தோண்டி எடுத்து ஜாதகம் பாக்கவா?"

"எனக்காக."

குரலில் என்ன இருந்ததோ, அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். இயக்குநர் அம்மா தாராளமாகச் செய்யுங்கள் என்றார். கருவி ஒன்றும் மருந்துகளும் கடைசி லாரிக்காக அங்கேயே இருந்தன. மெர்காப்டோ பாட்டில் கட்டி வைத்த பெட்டியிலிருந்து வெளியே வந்தது. இப்போது ஜெல்லைக் கடையிலிருந்தே ஊற்றி உறைந்த நிலையில் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே கையால் ஊற்றி, மேலே சீப்பைச் செருகிக் கட்டங்கள் பிடித்து, ஒழுகுகிறதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அவள் குப்பியின் கழுத்தை உடைத்தாள். தூளைக் கரைத்து இரண்டாகப் பங்கு போட்டாள். ஒரு பங்கில் சாயம் மட்டும். இன்னொன்றில் சாயத்தோடு மெர்காப்டோ ஒரு துளி. இரண்டையும் சுட வைத்துக் கட்டத்தில் இறக்கினாள். நடுவில் மூன்று கட்டத்தைக் காலியாக விட்டாள், அந்தத் துளி பக்கத்துக் கட்டத்துக்கும் பரவிவிடக்கூடியது. முட்டையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டியே நின்றார்.

"நான் எதையும் தொடல. என் கை ராசி தெரியும்ல உனக்கு. ஆமா, ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?"

மின்சாரத்தைப் போட்டாள். சாயத்தின் நீலக் கோடு மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. அது அடிமட்டத்தைத் தொட நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் குட்டை உடைத்தாக வேண்டும்.

பழைய நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து கட்டங்கள்: புரதம், தண்ணீர், சாயம், மெர்காப்டோ, சூடு. ஐந்திலும் அவள் போட்ட டிக்குகள் வரிசையாக நின்றன.

"நாலாவது கட்டத்தைப் பாருங்கண்ணே. ஏழாம் பேட்ச் ஓட்டின அன்னிக்கு. அதுக்கப்புறம் நாலு மாசம். அத்தனையும் பொய்."

"என்னது பொய்?"

"நான் மெர்காப்டோ போடல. அப்ப எனக்கு மூணு மாசம். அந்த நாத்தம் மூக்குல பட்டாலே குடல் வெளிய வந்துடும். ஒருநாள் பாத்தா பாட்டில் இடத்துல இல்ல. தீந்துபோச்சு போலன்னு நிம்மதியா இருந்துட்டேன், தேடவே இல்ல. ஒரு துளிதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு. டிக் மட்டும் கை பழக்கத்துல விழுந்துடுச்சு. கோடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால ஓடியிருந்தது. அதையும் பாத்தேன். பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணுக்கு ரெண்டு வயசு நடக்கும்போது வெளிநாட்டுப் பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. அமிலத்துல நின்னா சுரப்பிச் சாறுல இருக்கிற ஒரு நொதி புரோலாக்டினை நடுவுல வெட்டும், ஆனா வெட்டுப்பட்ட ரெண்டு துண்டும் ஒரு கொக்கியில ஒட்டிக்கிட்டே நிக்கும், பாக்குறதுக்கு முழுசு மாதிரியே இருக்கும்னு. மெர்காப்டோ போட்டாத்தான் அந்தக் கொக்கி கழலும், அப்பதான் ரெண்டாவது கோடு தெரியும். அந்தப் பெரிய துண்டு என்ன பண்ணும்னு போட்டிருந்தான் தெரியுமா அண்ணே? ரத்தக்குழாயை வளரவிடாதாம்."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. எதிரே நின்ற மனிதரின் முகம் வெளுத்துப் போனதைப் பார்க்கத்தான் முடிந்தது.

"அப்ப என் முட்டை சரி."

"சரி அண்ணே."

"என் கை சரி."

"சரி."

"அதைப் படிச்ச அன்னிக்கே நீ எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"எழுதினேன். தபால்ல போடல. அப்பதான் வேலை நிரந்தரமாச்சு, பயந்துட்டேன்."

"பயம் ஒரு வருஷம் இருக்கும்மா. ரெண்டு வருஷம் இருக்கும். இருபத்தொம்பது வருஷமா பயம்?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. முட்டையார் வெளியே போய்விட்டார். படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. போகட்டும், போவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் நீலக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது அடிமட்டத்தைத் தொட்டது. ஜெல்லைக் கழற்றிச் சாயத்தட்டில் போட்டபோது வாசலில் நிழல் தட்டியது.

அவர் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்குள் வேறு ஏதோவும் இருந்தது.

"அந்தப் பாட்டில் எங்க போச்சுன்னு நீ யோசிச்சதே இல்லியா?"

"தீந்துபோச்சுன்னுதான்..."

"அரை பாட்டில் இருந்துச்சு. நான்தான் மொட்டை மாடி அறையில கொண்டுபோய் வெச்சேன். நீ நாளைக்கு நாலு தடவை வாயைப் பொத்திக்கிட்டு ஓடுறதைப் பாக்க முடியல. பாவம், வயித்துப் பிள்ளைக்காரின்னு. தேவைன்னா கேப்ப, எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல. வேற மருந்துக்கு மாறிட்டீங்க போலன்னு நானும் மறந்துட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "இப்பப் படிக்கட்டுல நிக்கும்போதுதான் ஞாபகம் வருது. என் ரெண்டாவது கோட்டை நானே தூக்கி மாடியில வெச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அவள் தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா டிக் நீ போட்டதுதான்" என்றார் அவர்.

"நான் போட்டதுதான்."

"அதை நான் மறக்கமாட்டேன்."

"மறக்க வேண்டாம்ணே."

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அவள் சாயத்தை வடித்தாள். இடப்பக்கம், துளி போடாத பாதையில், நீலமாக ஒரே கோடு. முப்பத்தொரு வருடத்துக்கு முன் எல்லோரையும் ஏமாற்றிய அதே சுத்தமான ஒற்றைக் கோடு. வலப்பக்கம் வெட்டுப்படாத முழுசு ஒரு கோடு, அதற்குக் கீழே விரற்கடை தள்ளி இன்னொன்று, அந்தப் பெரிய துண்டு, அடிமட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று மங்கலாக மூன்றாவது, சின்னத் துண்டு. முட்டையார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்த இரண்டாவது கோட்டை அவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"குட்டியா இருக்கான்ல" என்றார். பேரப்பிள்ளையைத் தொட்டிலில் பார்க்கிறவர் குரல் அது.

நாலு மணிக்கு லாரி வந்து அலமாரியைக் காலி செய்துகொண்டு போனது. ஜெல்லை உலர்த்திக் கண்ணாடித் தாளுக்கு நடுவே வைத்து இயக்குநர் அம்மா அவரிடமே கொடுத்துவிட்டார். நோட்டில் நாலாவது கட்டத்து டிக்குகளை அவள் ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டாள். அந்த நோட்டை மட்டும் எரிக்கக் கொடுக்கவில்லை.

அவளை அழைத்துப்போக மகள் வந்தாள், ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் பன் பொட்டலம். படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் மகளை முட்டையாருக்கு அறிமுகம் செய்து வைத்தாள்.

"நீதானா அது!" அவர் மகளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னாலதான் பாப்பா நான் கண்ணாடிக் கடை வெச்சேன். பொறக்குறதுக்கு முந்தியே என் பொழப்புல கை வெச்சுட்ட."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா இப்படி ஒரே நேரத்தில் அழுது சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "அங்கிள், முதல்ல சாப்பிடுங்க. கை கழுவணுமா? குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

முட்டையார் எழுந்துகொள்ளப் பாதி எழுந்தார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம்மா" என்று உட்கார்ந்து, ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.